உப்பின் வரவு செலவு

ஆவணி மாதத்தில் ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஆனையிறவில் பேருந்துச் சன்னலால் கிழக்கே எட்டிப் பார்த்தால், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வெளிறிய ஒரு வெளி கிடக்கும். சோளகக் காற்று அதன் மேல் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும். தூசியில் பாதி உப்பு. அதே வீதியை மார்கழியில் கடந்தால் இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். எட்டு மாத இடைவெளியில் ஒரு கடல்நீரேரி நிரம்பி வற்றுகிறது. பெரிய யந்திரம் எதுவும் அதை இறைத்துவிடவில்லை.

வன்னியிலிருந்து பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத நீரின் ஊடாகக் குடாநாட்டுக்கு நடத்திச் சென்றதால் ஆனையிறவு என்று பெயர் வந்தது என்பார்கள். நீர்ப் பொறியியலாளருக்கு இந்தப் பெயரே ஓர் ஆய்வறிக்கை. யானை நடந்து கடக்கும் ஆழம் என்றால் வெயில் குடித்து முடிக்கும் ஆழம் என்றும் பொருள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீதிக்குக் கிழக்கே சுண்டிக்குளம் வரை விரிந்த ஆனையிறவுக் கடல்நீரேரியின் பரப்பு ஏறத்தாழ 77 சதுர கிலோமீட்டர். வெப்பமும் காற்றும் சேர்ந்த இந்த ஊரில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய எண்தான். பரப்பால் பெருக்கினால் நாளொன்றுக்கு 3,85,000 கன மீட்டர், அதாவது 38 கோடி லீட்டருக்கு மேல். தலையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் முழுக் கொள்ளளவு நாளுக்கு 24,000 கன மீட்டர். அது போல 16 நிலையங்கள் இரவு பகலாக ஓடித் தரக்கூடிய நீரை வெயில் ஒரு நாளில் மேலே எடுத்துக்கொண்டு போகிறது. தை முடிவிலிருந்து புரட்டாதி வரை எட்டு மாதம், நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 1.2 மீட்டர். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரி அதற்குள் முடிந்துவிடும்.

முடிவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கும்.

இதை வைத்துத்தான் ஆனையிறவு உப்பளம் ஓடியது. 1930களின் இறுதியில் தொடங்கி, 1990இல் போர் மூடிய கதவு அது. 2025 மார்ச்சில் மீண்டும் திறந்தபோது பொதிக்கு வைத்த சிங்களப் பெயரை மாற்றி 'ஆனையிறவு உப்பு' என்றே விற்க வேண்டும் என்று ஊர் கேட்டு வாங்கியது. உப்பளத்தின் விஞ்ஞானம் எளிது. உவர்நீரை ஒரு பாத்தியில் விட்டு வற்றவிட்டு, தடித்ததை அடுத்த பாத்திக்கு மாற்றி, மேலும் வற்றவிடுவார்கள். லீட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது கறியுப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணாம்பும் ஜிப்சமும் முந்திய பாத்திகளில் அடியில் தங்கிவிடும். மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் இருக்கும். அதை நேரத்துக்கு வெளியே விடாவிட்டால் உப்பும் கசக்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவருக்குத் திறமை எல்லாம் எதை எப்போது உள்ளே விடுவது, எதை எப்போது வெளியே விடுவது என்பதில்தான்.

இப்போது அதே கடல்நீரேரியில் நன்னீர் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது? உப்பளக்காரர் செய்வதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அப்படிக் கேட்ட ஒருவர் இருந்தார். அவர் பெயரிலேயே ஆறு இருந்தது.

சண்முகம் ஆறுமுகம் 1905இல் நல்லூரில் பிறந்தவர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் துணைப் பணிப்பாளர் வரை உயர்ந்தார். பின்பு நீர்வளச் சபைக்குத் தலைவரானார். இலங்கையின் நீர்வளங்களைப் பற்றி 1969இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நூல் இன்றும் துறைக்காரர் மேசையில் இருக்கிறது. பழைய இந்துக் கோயில்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அதில் ஆச்சரியமில்லை. வன்னியில் குளம் தேடிக் காட்டுக்குள் போகிறவர் காலில் இடிந்த கோயில் தட்டுப்படாமல் திரும்ப முடியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும், அதையும் ஆறு என்று சொல்லக் கொஞ்சம் தாராள மனம் வேண்டும். ஆனால் கடல்நீரேரிக்குத் தெற்கே வன்னியில் கனகராயன் ஆறு இருக்கிறது. வவுனியா, மாங்குளம் பக்கத்துக் காடுகளின் மழையைச் சேர்த்துக்கொண்டு வடக்கே வந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிஞ்சியதை ஆனையிறவுக் கடல்நீரேரியில் கொட்டுகிறது. நெத்தலியாறு, பிரமந்தனாறு, தேராவில் ஆறு என்று சிறியவையும் கூடவே வந்து சேருகின்றன. கடல்நீரேரிக்கு நீர் தரும் நிலப்பரப்பு எல்லாம் சேர்த்து 900 சதுர கிலோமீட்டருக்கு மேல். மாரியில் வந்த இவ்வளவு நீரும் சுண்டிக்குளத்து மணல் திட்டை உடைத்துக்கொண்டு கிழக்குக் கடலில் விழும்.

ஆறுமுகம் 1950களில் வரைந்த திட்டம் இந்த நீரை வடக்கே திருப்புவது. ஆனையிறவில் வீதிக்கும் ரயில் பாதைக்கும் கீழே உள்ள பால வாய்களை அடைத்தால் மேற்கிலிருந்து கடல்நீர் வராது. சுண்டிக்குளத்தில் வான் வைத்த ஓர் அணைக்கட்டைப் போட்டால் கிழக்கும் மூடும். நிரம்பும் நீரை முள்ளியான் அருகே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடல்நீரேரிக்கு அனுப்பலாம். அங்கிருந்து ஒரு கிளை உப்பாற்றின் வழியே அரியாலைக்கும், மற்றது தொண்டைமானாற்றுக்கும் போகும். இரண்டு வாயிலும் கதவுள்ள தடுப்பணைகள். இதைத்தான் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்றார்கள். கடல்நீரேரிகளில் கடலைத் தடுக்கும் யோசனை அவருக்கு முன்பும் பலர் வாயில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நீரோட்டமாகக் கோத்துக் கணக்கோடு வைத்தது அவர் வேலை.

அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் தடுப்பணைகளின் கதவுகள்.

கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். குளங்களின் நாட்டில் அப்படித்தான் சொல்லித் தருவார்கள். நெல்லுக்கு அது சரி. கடல்நீரேரிக்கு அது தவறு. நீர்க் கணக்கை ஒரு பேரேட்டில் எழுதினால் வரவு மழையும் ஆறும், செலவு ஆவியாதலும் கசிவும் வழிவும். உப்புக்கு வேறு பேரேடு வேண்டும். அதில் ஆவியாதல் என்ற செலவுப் பத்தி கிடையாது. உப்பு வெளியேறுவதற்கு ஒரே வழி, தண்ணீர் அதைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போவதுதான். நன்னீரேரி வேண்டும் என்று நாலு பக்கமும் மூடிக் கதவையும் பூட்டினால், சில ஆண்டில் கிடைப்பது பெரிய உப்பளம்.

எவ்வளவு நீரைப் போகவிட வேண்டும் என்று பார்க்கலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிரம்பிய ஏரியில் 7.7 கோடி கன மீட்டர் நீர். லீட்டருக்கு 20 கிராம் உப்பு என்று வைத்தால் உள்ளே கிடப்பது 15 லட்சம் தொன். இதை லொறியில் ஏற்ற முடியாது. நன்னீரை உள்ளே விட்டு, கலந்து, வெளியே விட வேண்டும். ஊறுகாய்ப் போத்தலைக் கழுவுகிற மாதிரி. ஏரியின் கொள்ளளவுக்குச் சமமான நன்னீர் ஒருமுறை நுழைந்து முழுக்கக் கலந்து வெளியேறினால், உப்பில் 37 சதவீதம் எஞ்சும். இன்னொரு முறை விட்டால் 14. மூன்றாம் முறை 5. நான்காம் முறை 2. இருபது கிராமில் தொடங்கியது அரைக் கிராமுக்கும் கீழே வந்து குடிக்கலாம் என்ற நிலைக்கு வர நாலு ஏரி நீர் தேவை. வறண்ட வருடத்தில் அவ்வளவு வராது. அதனால் ஆண்டுகள் எடுக்கும். ஒல்லாந்தில் 1932இல் 32 கிலோமீட்டர் நீள அணை போட்டு வட கடலின் ஒரு கையை மூடினார்கள். ஐசல் ஆறு விடாமல் ஓடிவந்தும் அந்த ஏரி நன்னீராக ஐந்து ஆண்டளவு பிடித்தது. எங்கள் ஆறு மூன்று மாதம்தான் ஓடும்.

ஆனால் ஆனையிறவுக்கு ஒரு வசதி உண்டு, ஒல்லாந்தருக்குக் கிடைக்காத வசதி. எங்கள் ஏரி புரட்டாதியில் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். உப்பெல்லாம் அடித்தரையில் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். ஐப்பசியில் வரும் முதல் வெள்ளம் அதைக் கரைக்கும். அந்த நேரத்தில் ஏரியில் இருக்கும் நீர் கொஞ்சம்தான், அதில் கரைந்த உப்போ நிறைய. அப்போதே கதவைத் திறந்து விட்டால் குறைந்த நீரில் கூடிய உப்பை வெளியேற்றலாம். பிறகு கார்த்திகையில் கதவை இறக்கிச் சேமிக்கலாம். சொல்ல எளிது. ஒன்பது மாதம் வெயிலில் காய்ந்த ஊரில் முதல் மழை நீரைக் கடலுக்குத் திறந்துவிடுகிற அதிகாரியை மக்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மின்கடத்துதிறன் மானியைத் தண்ணீரில் தோய்த்து, அந்த எண்ணைக் கமக்காரர் சங்கத்துக்குக் காட்டி, 'இன்னும் மூன்று நாள் திறந்திருக்க வேண்டும் ஐயா' என்று சொல்லி நம்ப வைப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. பல்கலைக்கழகத்தில் அதற்குப் பாடம் கிடையாது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நீரில் பெரும்பங்கை வெயில் எடுக்கும் என்று மேலே நானே கணக்குப் போட்டேன். பிறகு எதற்கு இந்தத் திட்டம்? விடை கிணற்றுக்குள் இருக்கிறது.

குடாநாடு சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் பொந்துகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு கண்ணாடி வில்லை போல மிதக்கிறது. நன்னீர் லீட்டருக்கு 1000 கிராம், கடல்நீர் ஏறத்தாழ 1025. இந்த 25 கிராம் வித்தியாசத்தால்தான் மிதப்பு. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 40. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால் கீழே 40 அடிக்கு நன்னீர் இருக்கும். 1880களின் இறுதியில் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர் பாடன் கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உவர் என்று எங்கள் ஆட்களுக்கு அதற்கு முன்பே தெரியும். நாற்பது என்ற எண் மட்டும் தெரியாது.

அந்த எண் இரு பக்கமும் வெட்டும். தோட்டத்துக்கு மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர் 40 அடி மேலே வரும். துலாவும் பட்டையும் வைத்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவல். மோட்டாருக்குக் களைப்பில்லை. மறுபக்கம், குடாநாட்டின் வயிற்றுக்குள் நீண்டு கிடக்கும் வடமராட்சி, உப்பாறு ஏரிகளில் உவர்நீருக்குப் பதிலாக நன்னீர் ஓரடி கூட நின்றால், கரையோரக் கிணறுகளின் வில்லை தடிக்கும். ஏரியில் தெரியும் நீரைவிட, கரைக்கு அடியில் தெரியாமல் ஏறும் நீரே ஆறுமுகம் திட்டத்தின் உண்மையான வருமானம் என்று நான் நினைக்கிறேன்.

நடந்தது என்ன? தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. முள்ளியான் வாய்க்கால் பாதி வெட்டிய நிலையில் 1960களில் பணம் நின்றது. சுண்டிக்குளத்துக் கட்டை வெள்ளம் உடைத்தது. தடுப்பணைகளின் பலகைக் கதவுகள் உக்கிக் கசிந்தன. அதற்குப் பிறகு போர். ஆனையிறவுக்கு உலகம் தந்த கவனம் முழுக்க 1991, 2000, 2009 ஆண்டுச் சண்டைகளோடு சேர்ந்தது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றி முடியாத நிலத்தில் நில அளவையாளர் கோலை ஊன்ற முடியாது என்பதும் இந்தத் திட்டத்தின் தாமதக் காரணங்களில் ஒன்று. அதை எந்தப் பொறியியல் நூலும் எதிர்பார்த்திருக்காது.

போருக்குப் பின் வேறு வழி பேசப்பட்டது. இரணைமடுவை உயர்த்தி அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் குடிநீர். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். தங்கள் சிறுபோகம் காய்ந்து கிடக்கையில் குழாய் வடக்கே ஓடுமா என்பது நியாயமான கேள்வி. குளம் உயர்ந்தது, குழாய்த் திட்டம் தலையடிக் கடல்நீராக மாறியது. அழுத்தத்தால் கடல்நீரைச் சவ்வின் ஊடாகத் தள்ளி உப்பைப் பிரிக்க ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். முழுக் கொள்ளளவில் ஓடினால் நாளுக்கு 80,000 அலகு அளவில். உப்பு அங்கும் மறைவதில்லை. இருமடங்கு செறிவான கழிவு நீராகக் கடலுக்குத் திரும்புகிறது. கரைவலைக்காரர் அதைப் பற்றிக் கேள்வி கேட்டதும் நியாயம்தான்.

ஆறுமுகம் காலத்தில் இல்லாத இன்னொரு பேரேடு இன்றைய சூழல் பொறியியலாளர் கையில் இருக்கிறது. அழுக்கின் பேரேடு. கிளிநொச்சி வயல்களின் உரமும் களைநாசினியும் வடிந்து வரும் இடம் இந்தக் கடல்நீரேரி. இன்று அவை ஆண்டுதோறும் கடலுக்குப் போய்விடுகின்றன. மூடிய பின் ஆழமில்லாத, வெதுவெதுப்பான, நைதரசனும் பொசுபரசும் நிறைந்த நீரில் பாசி பச்சைச் சாயமாகப் பூக்கும். தென் கொரியா சிகுவாவில் இதைக் கண்டது. 1994இல் 12.7 கிலோமீட்டர் கடலணை போட்டு நன்னீரேரி செய்யப் போனார்கள். தொழிற்சாலைக் கழிவும் வீட்டுக் கழிவும் சேர்ந்து ஏரி நாறியது. சில ஆண்டுகளில் நன்னீர்க் கனவைக் கைவிட்டுக் கடலையே மறுபடி உள்ளே விட்டார்கள். 2011இல் அதே அணையில் அலையேற்ற மின்நிலையம் வந்தது. தோல்வியை மின்சாரமாக்கிய கெட்டிக்காரத்தனம் என்று மெச்சலாம். கொரியாவிடம் பணம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அழுக்கு உள்ளே போன பின் துடைப்பது எவ்வளவு கடினம் என்று அறிய கொரியா வரை போக வேண்டியதில்லை. சுன்னாகத்தில் மின்நிலையச் சுற்றாடலில் கிணற்று நீரின் மேல் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் ஒரு தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தத் தீர்ப்பானது. மணல் நிலத்தில் எண்ணெய் மெதுவாகத் தவழும். சுண்ணாம்புக்கல்லில் பொந்து கண்ட வழியெல்லாம் ஓடும், எந்தக் கிணற்றில் எப்போது தலைகாட்டும் என்று வரைபடத்தில் கோடு போட்டுச் சொல்ல முடியாது. இறைத்து, எண்ணெயைப் பிரித்து, மீண்டும் இறைப்பது என்ற வழமையான முறையும் இங்கே நாற்பது என்ற அந்த எண்ணில் போய் முட்டும். அழுக்கை எடுக்க அதிகமாக இறைத்தால் உவர் மேலே வரும். கண்ணுக்குத் தெரியும் எண்ணெயை விட்டாலும், செங்காரி மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும், கிணற்றருகே தோண்டிய மலக்குழிகளும் சேர்த்த நைத்திரேற்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் உண்டு. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தால் போகாது, கூடும்.

இந்த மூன்று பேரேட்டுக்கும் வெளியே இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடல்நீரேரியில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களுக்கு உவர்தான் வயல். கலப்பு நீரில் வளரும் இறாலுக்கு நன்னீரேரியில் இடமில்லை. சுண்டிக்குளம் 1938இலிருந்து பறவைகள் சரணாலயம், இப்போது தேசிய பூங்கா. அங்கே வந்து இறங்கும் பூநாரைகள் உவர்ச் சேற்றின் நுண்ணுயிரைத் தின்று வாழ்பவை. ஆறுமுகத்தின் வரைபடத்தில் நீர் இருந்தது, நிலம் இருந்தது, கமம் இருந்தது. மீனவரையும் பறவையையும் அதில் தேடுவது அவர் காலத்துக்கு அநியாயம். இன்று அதே வரைபடத்தை எடுக்கிறவருக்கு அந்தச் சாக்கு இல்லை. முழுக் கடல்நீரேரியையும் மூடாமல், ஒரு பகுதியை மட்டும் அடைத்து, ஒரு வாயை உவருக்குத் திறந்து வைக்கும் வழி உண்டா என்று அவர் பார்க்கத்தான் வேண்டும். பார்ப்பதற்கு முதலில் வேண்டியவை மலிவான சாமான்கள். பாலங்களின் கீழ் நீர்மட்டக் கோல், நாலடி விட்டமுள்ள ஆவியாதல் தட்டு, மின்கடத்துதிறன் மானி, காலை மாலை தவறாமல் எண்களைக் குறிக்க உள்ளூரில் ஒருவர். பத்து மாரிக்குத் தொடர்ந்து அந்தக் கொப்பி நிரம்ப வேண்டும். அணைக்கு அடிக்கல் நாட்டப் பெரியவர்கள் வருவார்கள். கொப்பிக்கு யாரும் வரமாட்டார்கள்.

மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்கும் செய்தி வந்தால் தாழ்நில மக்களுக்கு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போகும். செம்மண் நிறத்தில் நீர் கனகராயன் ஆற்றுப் படுகை வழியே கடல்நீரேரியில் இறங்கி, சுண்டிக்குளத்தில் மணலை உடைத்து, கிழக்குக் கடலில் ஒரு நீளமான பழுப்புக் கோடாகக் கிடக்கும். தை பொங்கி முடிய கோடு மறையும். மாசியில் வாய் மணலால் மூடும். பங்குனியில் கரையோரம் முதல் வெள்ளைத் தோல் தெரியத் தொடங்கும்.